ஏ படிவமா, பி படிவமா, சி படிவமா? வன உரிமையில் ஒரு மலைக் குடியிருப்பு எதை முதலில் கேட்பது

வன உரிமை மனு வாங்குகிறார்கள் என்றதும் மலைக் குடியிருப்புகளில் முதலில் கைமாறுவது தனிநபர் நிலத்துக்கான ஏ படிவம்தான். குடும்பத்துக்கு ஒன்று. எத்தனை ஏக்கர், எத்தனை வருஷ அனுபவம், சாதிச் சான்று உண்டா என்று நிரப்பி, போட்டோ ஒட்டி, இரண்டு மூன்று நாளில் கட்டுக்கட்டாகத் தாலுகாவுக்குப் போய்விடும். ஊரின் கூட்டுப் பயன்பாட்டுக்கான பி, காட்டை ஊரே ஆளும் உரிமைக்கான சி படிவங்களை “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று பையிலேயே வைத்துவிடுவார்கள். அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதில்லை.

வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சி படிவத்துக்கான வேலையை முதலில் தொடங்கி, ஏ படிவங்களை அதன் கூடவே கொண்டுபோவதுதான் அதிகக் குடியிருப்புகளுக்குச் சரிவரும். எல்லாருக்கும் அல்ல. மேய்ச்சலை நம்பியிருப்பவர்களுக்கு பி முக்கியம். விதிவிலக்கு எங்கே என்பதைப் போகப்போகச் சொல்லலாம்.

வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது, 2007 டிசம்பர் 31-இல் நடைமுறைக்கு வந்தது, விதிகள் 2008-இல் வந்தன, 2012 செப்டம்பரில் பெரிதாகத் திருத்தப்பட்டன. தமிழ்நாட்டில் மட்டும் 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமை ஆவணம் வழங்குவது நின்றுபோய், 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிய பிறகே வேலை நகர்ந்தது. பக்கத்து மாநிலங்கள் செய்து பார்த்துத் தவறுகளும் கண்ட பின் நாம் தொடங்குகிறோம் என்பதால், அந்தத் தவறுகளைத் தெரிந்துகொண்டே தொடங்கலாம். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் பழங்குடிப் பகுதி என்று அறிவித்த இடம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் பெசா சட்டத்தின் பலம் நமக்குக் கிடையாது. பழங்குடி ஊருக்கு நிலத்தின் மேல் கூட்டாக உரிமை வாங்கித்தரும் வழி நடைமுறையில் இந்த ஒரு சட்டம்தான்.

ஏ: உழும் நிலத்துக்கு

ஏ படிவம் தனிநபர் உரிமைக்கானது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவித்துவரும் நிலம், அதிகபட்சம் 4 ஹெக்டேர், அதாவது 9 ஏக்கர் 88 சென்ட். இது உச்சவரம்பு மட்டுமே. எல்லாருக்கும் பத்து ஏக்கர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அனுபவத்தில் எவ்வளவு உண்டோ அவ்வளவுதான். ஆவணம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது.

பேச்சில் எல்லாரும் இதைப் பட்டா என்கிறோம். ஆனால் வருவாய்த் துறைப் பட்டா வேறு, இது வேறு. காப்புக்காடு முழுவதும் ஒரே சர்வே எண்ணில் கிடக்கும் இடங்களில் உட்பிரிவு செய்து பதிவேட்டில் ஏற்றாதவரை, இணையத்தில் சிட்டா தேடினால் ஒன்றும் வராது. ஆவணம் வழங்கிய மூன்று மாதத்துக்குள் வருவாய், வனப் பதிவேடுகள் இரண்டிலும் ஏற்ற வேண்டும் என்று 12-ஏ விதி சொல்கிறது. கேட்காமல் இது நடப்பதில்லை.

அளக்கும்போது நிலம் சுருங்கும். ஒரு குடும்பம் இரண்டரை ஏக்கரில் இந்த வருஷம் ராகி, சாமை போட்டிருக்கிறது, ஒன்றரை ஏக்கரைத் தரிசாக ஆறவிட்டிருக்கிறது, பத்து சென்ட் களம், பக்கத்தில் மாட்டுப் பட்டி என்று வைத்துக்கொள்வோம். சர்வேயர் வரும் அன்று பயிர் நிற்கும் இரண்டரை ஏக்கரை மட்டும் அளந்து 1.01 ஹெக்டேர் என்று எழுதிவிட்டுப் போவார். சுழற்சித் தரிசு, களம், மாடு கட்டுமிடம், மரப்பயிர், விளைச்சல் சேமிக்கும் இடம் எல்லாம் சேர்ந்ததுதான் சாகுபடி நிலம் என்று அதே 12-ஏ விதியில் தெளிவாக இருக்கிறது. விதியின் நகலை அன்று கையில் வைத்திருந்து, மகஜரில், அதாவது கள ஆய்வுப் பதிவில், தரிசையும் எழுத வைத்தால்தான் நாலு ஏக்கரும் நிற்கும்.

பழங்குடி அல்லாத பாரம்பரிய வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். குறிப்பிட்ட அந்த வயலை 75 வருஷம் உழுததாகக் காட்டத் தேவையில்லை. அந்த வட்டாரத்தில் வசித்ததும் காட்டை நம்பி வாழ்ந்ததும் போதும். நிலத்துக்கு உரிய தேதி அவர்களுக்கும் 2005 டிசம்பர் 13தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தள்ளுபடி செய்த மனுக்கள் நிறைய.

ஏ படிவத்தை மட்டும் போடுவதில் உள்ள உண்மையான ஆபத்து தள்ளுபடியில்தான் இருக்கிறது. அவசரத்தில் அரைகுறைச் சான்றோடு போட்ட மனு தள்ளுபடியானால், அந்தக் குடும்பம் காகிதத்தில் ஆக்கிரமிப்பாளர் ஆகிறது. 2019 பிப்ரவரி 13-இல் உச்ச நீதிமன்றம், மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொன்னதையும், பதினைந்தே நாளில், பிப்ரவரி 28-இல், அந்த உத்தரவைத் தானே நிறுத்திவைத்ததையும் மறக்கக் கூடாது. மனு போடாமல் இருக்கும் குடும்பத்துக்குக்கூட, உரிமை அங்கீகாரப் பணி முடியும்வரை வெளியேற்றத் தடை 4(5) பிரிவில் உண்டு. அதனால் “இன்றைக்கே போடாவிட்டால் போச்சு” என்ற பதற்றத்தில் மோசமான மனு போடுவதைவிட, மூன்று மாதம் எடுத்து நல்ல மனு போடுவது மேல்.

இன்னொன்று. தேன் எடுப்பவர், கடுக்காய் பொறுக்குபவர், நிலமே இல்லாத இளம் குடும்பம், இவர்களுக்கு ஏ படிவத்தில் ஒன்றும் இல்லை. வரைபடத்தில் பார்த்தால் காட்டுக்கு நடுவே சின்னச் சின்னத் தீவுகளாகப் பட்டா நிலம் தெரியும். தீவுகளுக்கு இடையில் உள்ளதெல்லாம் பழையபடி வனத் துறையுடையது.

பி: பயன்பாட்டுக்கு

பி படிவம் ஊர் கூட்டாக அனுபவிக்கும் பயன்பாட்டு உரிமைகளுக்கானது. விறகு, தழை, கம்பு, சிறு வன மகசூல், மீன், மேய்ச்சல், தண்ணீர், நாடோடி மேய்ப்பர்களின் பருவகாலப் பயன்பாடு எல்லாம் இதில் வரும். பரப்புக்கு உச்சவரம்பு இல்லை.

சிறு வன மகசூல் என்பதில் மூங்கில், பிரம்பு, புதர்விறகு, அடிக்கட்டை, தேன், மெழுகு, மூலிகை, கிழங்கு எல்லாம் அடக்கம். வெட்டு மரம் அடக்கமில்லை. வேட்டை எந்தப் படிவத்திலும் கிடையாது. பொறுக்கியதை ஊரிலேயே பதப்படுத்தலாம், காட்டுக்கு வெளியே கொண்டுபோய் விற்கலாம். கொண்டுபோகும் அனுமதிச் சீட்டைக் கிராம சபை அமைக்கும் குழுவே கொடுக்கலாம் என்று 2012 திருத்தம் சொல்கிறது. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா கிராம சபைக்கு மூங்கில் அனுமதிச் சீட்டுப் புத்தகம் 2011 ஏப்ரல் 27-இல் கைக்கு வந்தது. 2009-இலேயே சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு உரிமை ஆவணம் வாங்கிய ஊர் அது. ஆவணம் வாங்கியும் ஒரு மூங்கில் கட்டை வெளியே கொண்டுபோக இரண்டு வருஷம் போராட வேண்டியிருந்தது. உரிமை வேறு, செக்போஸ்டைத் தாண்டும் சீட்டு வேறு. கிராம சபைத் தீர்மானத்திலேயே சீட்டையும் எழுதிவிட வேண்டும்.

பி எங்கே முதலிடம் பெறும் என்றால், மேய்ச்சலில். ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். செவலையில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர் மாடுகளை வருஷத்தில் பல மாதம் காட்டுக்குள் பட்டி போட்டு வைத்திருப்பது அங்கே தலைமுறை வழக்கம். ஒரே காட்டைப் பல ஊர் மாடுகள் மேயும். ஒரு ஊர் தன் எல்லை என்று கோடு போட்டு சி படிவம் கேட்டால் அடுத்த ஊர்ப் பட்டி அதற்குள் மாட்டிக்கொள்ளும். அங்கே 3(1)(டி) பிரிவின்படி, பட்டி இருக்கும் இடங்களையும் மாடு போகும் தடங்களையும் தண்ணீர்க் குட்டைகளையும் குறித்து, ஊர்கள் சேர்ந்து பி போடுவதுதான் பொருந்தும். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, சில நாளில் அதைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயங்களுக்கு என்று சுருக்கியது. 2024-இல் அந்தப் பக்கத்துக் காடுகள் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மேய்ச்சல் உரிமையை ஆவணமாக வைத்திருப்பது எவ்வளவு அவசரம் என்பது விளங்கும். சரணாலயம் என்பதற்காக வன உரிமை இல்லாமல் போகாது. சட்டத்தின் ‘வன நிலம்’ என்ற வரையறையிலேயே சரணாலயமும் தேசியப் பூங்காவும் இருக்கின்றன.

பழைய பட்டி இருந்த இடம் பார்த்தாலே தெரியும். சாணம் மக்கி மண் கறுத்திருக்கும், சுற்றிலும் முள்வேலி நட்ட குழிகள், நடுவில் உப்பு வைத்த கல். அந்தக் கல்லைப் போட்டோ எடுத்து, இடக்குறியீட்டையும் எழுதி மனுவோடு இணைக்கலாம். சான்று என்று சட்டம் கேட்பது இதுமாதிரியானவற்றைத்தான்.

பி-யின் குறை, அது அனுபவிக்கும் உரிமை, ஆளும் உரிமை அல்ல. காடு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் திட்டம் வனத் துறையின் கையிலேயே இருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. 3(2) பிரிவில் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை, சமுதாயக் கூடம் என 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாகவும் ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமலும் இருந்தால், கிராம சபைப் பரிந்துரையோடு வன நிலம் ஒதுக்கலாம். இது உரிமை அங்கீகாரம் அல்ல, நில ஒதுக்கீடு. ஆனால் பல மாவட்டங்களில் சமுதாயக் கூடத்துக்கும் சாலைக்கும் கொடுத்ததை ‘சமூக உரிமை வழங்கப்பட்டது’ என்று கணக்கில் எழுதிவிடுகிறார்கள். உங்கள் ஊர்ப் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால், கொடுத்தது என்ன என்று நகல் வாங்கிப் பாருங்கள்.

சி: காட்டை ஆளும் உரிமைக்கு

சமூக வன வள உரிமை என்பது 3(1)(ஐ) பிரிவு. ஊரின் வழக்கமான எல்லைக்குள் இருக்கும் காட்டைக் காக்க, மீட்க, நிர்வகிக்கக் கிராம சபைக்கு உள்ள உரிமை. காப்புக்காடானாலும் சரி, சரணாலயமானாலும் சரி. வருவாய்க் கிராம எல்லையையோ வனக்காப்பாளரின் பீட் எல்லையையோ பார்க்க வேண்டியதில்லை. ஊர் எதுவரை போய்வந்ததோ அதுவரை. ஊரில் பழங்குடிகளோ பாரம்பரிய வனவாசிகளோ சிலரே இருந்தாலும் ஊர் முழுவதற்குமாக மனு போடலாம்.

படிவம் ஒரே பக்கம்தான். ஊர், பஞ்சாயத்து, தாலுகா, மாவட்டம், கிராம சபை உறுப்பினர் பெயர்கள், தெரிந்தால் கம்பார்ட்மெண்ட் எண் (வனத் துறை காட்டைப் பிரித்துத் தரும் எண்), எல்லையோரக் கிராமங்கள், சான்றுகள். இதைப் பார்த்து ஏமாந்து அரை மணி நேரத்தில் நிரப்பிக் கொடுப்பவர்கள்தான் பின்னால் தவிக்கிறார்கள். உழைப்பெல்லாம் இணைப்பில், அதாவது எல்லை வரைபடத்தில் இருக்கிறது.

முதலில் மண்ணில் ஒரு படம் வரைய வேண்டும். பெரியவர்கள், தேன் எடுப்பவர்கள், கிழங்கு தோண்டும் பெண்கள் எல்லாரும் இருக்கும்போது களத்தில் கரியாலும் கோலப்பொடியாலும் ஓடை, பாறை, பாதை, சாமி இடம், சுடுகாடு, தேன்பாறை, பழைய ஊர் இருந்த மேடு என்று குறிக்க வேண்டும். ஆண்கள் மட்டும் வரைந்தால் ஓடைகளும் கிழங்குக்காடும் பாதி விடுபட்டுப்போகும். இந்தப் படத்தைத் தாளில் பிரதி எடுத்துக்கொண்டு பிறகுதான் நடக்க வேண்டும்.

நடப்பதற்கு ஒரு ஜிபிஎஸ் கருவி அல்லது செயலியுள்ள போன், நோட்டு, கேமரா, எல்லை தெரிந்த இரண்டு பெரியவர்கள், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர். 10 கிலோமீட்டர் எல்லைக்கு மலையில் மூன்று நான்கு நாள் ஒதுக்குங்கள். எல்லை திரும்பும் ஒவ்வொரு இடத்திலும், நேராகப் போனால் 100, 150 மீட்டருக்கு ஒருமுறையும் ஒரு புள்ளி எடுக்க வேண்டும். அடர்ந்த மரநிழலில் கருவி பத்து மீட்டருக்கு மேலும் தள்ளிக் காட்டும். அங்கே இரண்டு நிமிடம் நின்று அளவு நிலைத்த பிறகே பதிய வேண்டும். நோட்டில் எண் மட்டும் எழுதினால் போதாது. ‘17-ஆவது புள்ளி, இரட்டைப் பாறை, கிழக்கே ஓடை இறங்குமிடம்’ என்று ஊர் வாயில் உள்ள பெயரோடு எழுதுங்கள். பின்னால் புள்ளி தவறென்று தகராறு வந்தால் காப்பாற்றுவது இந்த வரிதான். 50,000-க்கு ஒன்று அளவிலான நில அளவை வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் 500 மீட்டர். பென்சில் கோட்டின் தடிமனிலேயே 25 மீட்டர் போய்விடும். அதனால் அந்த வரைபடம் பார்ப்பதற்கு, புள்ளிப் பட்டியல் ஆவணத்துக்கு.

பக்கத்து ஊர்க்காரர் ஏன்? எல்லை மோதினால், மனுக்களைச் சரிபார்க்கக் கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழுக்கள் இரு ஊரிலிருந்தும் சேர்ந்து உட்கார்ந்து எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது விதி. முடியாவிட்டால் கோட்டாட்சியரின் உட்கோட்டக் குழுவுக்குப் போகும், அங்கே இரு மனுவும் தூங்கும். கேரளத்தின் வாழச்சாலில் 9 காடர் குடியிருப்புகள் தங்களுக்குள் எல்லை பேசி முடித்துக்கொண்டு சேர்ந்து போனார்கள். 2014-இல் சுமார் 400 சதுர கிலோமீட்டருக்கு உரிமை கிடைத்தது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில், புலிகள் காப்பகம் என்ற நிலையிலும், 2011-இல் 25 சோளிகர் கிராம சபைகள் சமூக உரிமை வாங்கின. “காப்பகத்துக்குள்ளே கிடையாதுங்க” என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் சொல்லுங்கள். சத்தியமங்கலத்துக்கும் ஆனைமலைக்கும் அவை பக்கத்து வீடுகள்.

சான்று குறைந்தது இரண்டு வேண்டும். குலசாமி மரம், காவு, சுடுகாடு, பழைய ஊர்ச் சுவரின் மிச்சம், ஊற்று, மூலிகை எடுக்குமிடம், மேய்ச்சல் இடம் எல்லாம் சான்று. பெரியவர்களின் வாக்குமூலமும் சான்று. அதை விண்ணப்பதாரர் அல்லாத ஒருவர் சொல்லி எழுத்தில் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் இன்னொரு சான்றுச் சுரங்கமும் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டப்படி காப்புக்காடு அறிவிக்கும்போது நடந்த விசாரணைக் கோப்புகள். எந்தப் பாதை, எந்தக் கோயில், எந்த ஊர் மாட்டுக்கு அனுமதி என்று அவற்றில் எழுதியிருப்பார்கள். வனத் துறையின் பழைய செயல்திட்டங்களிலும் அப்படியே. 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, பக்கத்துக்கு 2 ரூபாய் கொடுத்து நகல் வாங்கலாம். துறையின் சொந்தக் காகிதத்தை எதிர்த்து அந்தத் துறையே பேசுவது கடினம். செயற்கைக்கோள் படம் துணைச் சான்று மட்டுமே. படத்தில் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடி செய்யக் கூடாது.

இந்த வேலையை முதலில் முடித்தால் ஏ படிவங்களுக்குத் தனியாகச் சான்று தேடும் வேலை வெகுவாகக் குறையும். ஊர் எல்லையும் பழைய குடியிருப்பும் நிறுவப்பட்டுவிட்டால், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வயலுக்கும் அதே கோப்பு பேசும். சி-யை முன்னால் வைக்கச் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான்.

ஒடிசாவின் நியம்கிரியில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மலையில் சுரங்கம் தோண்டலாமா என்பதைக் கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின, 12-உம் சுரங்கம் வேண்டாம் என்றன. அங்கே கேள்வி வயலைப் பற்றியது மட்டுமல்ல, மலையும் அதிலுள்ள சாமியும் சேர்ந்தது. வயலுக்கான தனிப் பட்டாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மலையைப் பற்றிப் பேச முடிந்திருக்காது.

வாங்கிய பிறகு: நிலப் பயன்பாட்டுத் திட்டம்

சி உரிமையை வாங்கிப் பெட்டியில் பூட்டுவதும் உண்டு. 4(1)(இ) விதிப்படி கிராம சபை ஒரு பாதுகாப்புக் குழுவை அமைத்து, அக்குழு காட்டுக்கு ஒரு மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். அதை வனத் துறையின் செயல்திட்டத்தோடு இணைக்க வேண்டும். எந்த மாற்றம் தேவை என்று முடிவுசெய்வது அந்தக் குழு. திட்டம் இல்லாத இடத்தில் துறையின் திட்டமே நடைமுறையில் தொடரும்.

நூறு பக்கம் வேண்டாம். எல்லை வரைபடத்தின் மேல் நாலு நிறம் போதும். ஊற்று, ஓடைக்கரை, சாமிக்காடு தொடாத பகுதி. மகசூல் எடுக்கும் பகுதியை மூன்று துண்டாக்கி ஒரு துண்டை மாற்றி மாற்றி ஓய்வுவிடலாம். மேய்ச்சலுக்கு ஒன்று. வீடு, வயல், பாதைக்கு ஒன்று. கூடவே விதிகள்: நெல்லிக்குக் கிளை வெட்டக் கூடாது, உலுக்கித்தான் எடுக்க வேண்டும், தேனடையில் புழு உள்ள பகுதியை விட்டுவிட வேண்டும், தீத்தடுப்புக் கோட்டை எந்த மாதத்தில் யார் வெட்டுவது, உண்ணிச்செடியையும் மஞ்சக்கொன்றையையும் எந்தத் துண்டில் முதலில் பிடுங்குவது, அந்த இடத்தில் என்ன நடுவது. மஞ்சக்கொன்றையை வெட்டி மட்டும் விட்டால் தூரிலிருந்து மறுபடி தளிர்க்கும். பட்டையை உரிக்க வேண்டும் அல்லது வேரோடு எடுக்க வேண்டும். இந்த வேலைக்கான கூலி ஊருக்கு வருமா, ஒப்பந்ததாரருக்குப் போகுமா என்பது திட்டத்தில் எழுதியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

கிராம வனக் குழு போதாதா?

இது வழக்கமாக வரும் கேள்வி. 1990 ஜூன் மாத மத்திய சுற்றறிக்கைக்குப் பிறகு வந்த கூட்டு வன மேலாண்மையில், தமிழ்நாட்டில் 1997 முதல் ஜப்பான் நிதியோடு நடந்த காடு வளர்ப்புத் திட்டத்தில் அமைந்த குழுக்கள் அவை. அவற்றுக்குப் பணம் வந்தது, தடுப்பணை வந்தது, கடன் வந்தது. உரிமை வரவில்லை. குழுவைத் துறை அமைக்கும், துறையே கலைக்கலாம், திட்ட நிதி தீர்ந்தால் குழுவும் பெயரளவில்தான். இருக்கிற குழுவை உடைக்கச் சொல்லவில்லை. பணம் வந்தால் வாங்குங்கள். ஆனால் சி உரிமை ஆவணம் அந்தக் குழுவின் பெயரில் வந்தால் ஏற்காதீர்கள்.

வனக் கிராமத்தை வருவாய்க் கிராமமாக மாற்றுவது 3(1)(எச்). சாலை, ரேஷன் கடை, சான்றிதழ் போன்றவற்றுக்கு நல்லது. காட்டு உரிமையை அது கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தனியாகப் பின்னால் கேட்டுக்கொள்ளலாம்.

சபையில் வழுக்கும் இடங்கள்

எந்தப் படிவமானாலும் அடித்தளம் கிராம சபைத் தீர்மானம். கூடுதலான மனுக்கள் விழுவது இங்கேதான். தமிழ்நாட்டில் பஞ்சாயத்துக் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கூடுகிறது. பஞ்சாயத்துச் சட்டப்படி மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர் வந்தால் கோரம், அதாவது தேவையான குறைந்தபட்ச வருகை. அந்தக் கூட்டத்தில் இருபதாவது பொருளாக வன உரிமைத் தீர்மானத்தைச் சேர்த்து நிறைவேற்றினால் அது செல்லாது. வன உரிமைக்கான கோரம் மொத்த உறுப்பினரில் பாதி. அடிவாரத்துப் பெரிய பஞ்சாயத்தில் அது நடக்காத காரியம்.

வழி சட்டத்திலேயே உண்டு. ‘கிராமம்’ என்ற வரையறையில் வனக் கிராமம், பழைய குடியிருப்பு, அளக்கப்படாத ஊர் எல்லாம் அடக்கம். குடியிருப்பு தனியாகச் சபை கூடலாம். வயது வந்தோர் 140 பேர் என்றால் 70 பேர் வர வேண்டும். வந்த 70 பேரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 24 பேர், பெண்கள். மனு மீது தீர்மானம் என்றால் 36 மனுதாரரில் குறைந்தது 18 பேர் நேரிலோ தங்கள் பிரதிநிதி மூலமாகவோ இருக்க வேண்டும். மூன்று எண்ணையும் தீர்மானப் புத்தகத்தின் முதல் வரியில் எழுதி, கையெழுத்துகளுக்கு வரிசை எண் போடுங்கள். வன உரிமைக் குழு 10 முதல் 15 பேர். குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடிகள், மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

வாசகத்தையும் பாருங்கள். “உரிமை வழங்க அரசைக் கேட்டுக்கொள்கிறது” என்று எழுதினால் அது கோரிக்கை மனு. “உரிமைகளை ஆராய்ந்து ஏற்றுத் தீர்மானிக்கிறது, உட்கோட்டக் குழுவுக்கு அனுப்புகிறது” என்பதே சட்டம் சொல்லும் வேலை.

களச் சரிபார்ப்புக்கு வனவருக்கும் விஏஓவுக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். வந்தால் மகஜரில் பதவி, தேதியோடு கையெழுத்திட வேண்டும். வராவிட்டாலும் வேலை நிற்காது. “நாங்கள் இல்லாமல் அளந்தார்கள்” என்று பிறகு ஆட்சேபித்தால் ஒருமுறை மறுசரிபார்ப்பு. இரண்டாம் முறையும் வராவிட்டால் சபை முடிவே இறுதி. தகவல் கொடுத்த கடிதத்தின் நகல் இல்லாத ஊர்கள்தான் இந்த விதியின் பலனை இழக்கின்றன.

உட்கோட்டக் குழு கோட்டாட்சியர் தலைமையில், மாவட்டக் குழு ஆட்சியர் தலைமையில். மாவட்டக் குழுவின் முடிவு இறுதி. சான்று போதவில்லை என்றால் உட்கோட்டக் குழு மனுவைச் சபைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சட்டென்று தள்ளுபடி என்று முத்திரை குத்த முடியாது. எதிர்மறை முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும். மேல்முறையீட்டுக்கு 60 நாள், குழு விரும்பினால் இன்னும் 30 நாள். நாள் எண்ணுவது கடிதம் கையில் கிடைத்த தேதியிலிருந்து. ஆகவே உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

எந்த ஊருக்கு எது

பயிர் குறைவு, தேனும் மகசூலும் முக்கியம் என்ற காடர், பளியர் குடியிருப்புகளுக்கு சி முதலில், கூடவே மகசூலுக்கு பி. ஏ எத்தனை குடும்பத்துக்கு உண்மையில் பொருந்துமோ அத்தனை மட்டும்.

வயல் அதிகம், அகற்றல் நோட்டீசு வந்திருக்கிறது என்றால் ஏ காத்திருக்க முடியாது. ஏ மனுக்களை உடனே சபையில் ஏற்றுங்கள். ஆனால் அதே சபையில் ஊர் எல்லையையும் தீர்மானமாக்கி, சி போடுவதாகப் பதிந்துவிட்டால், பின்னால் வரும் வரைபடத்துக்கு வேர் இருக்கும்.

பல ஊர் மாடு மேயும் காடு என்றால் பி, கூட்டாக. ஊருக்கு அருகில் பிறர் வராத காடு இருந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் சி. சுரங்கமோ அணையோ சாலையோ வரப்போகிறது என்ற பேச்சு இருந்தால் எந்த யோசனையும் வேண்டாம், சி. கோயில், சுடுகாடு, ஊற்று ஒவ்வொன்றும் வரைபடத்தில் எண்ணோடு இருக்க வேண்டும்.

ஆவணம் கைக்கு வரும் அன்று மேடையில் போட்டோவுக்கு நிற்கும் முன் நாலு இடத்தைப் படித்துவிடுங்கள். பெயர் கிராம சபையுடையதா. பரப்பு நீங்கள் கொடுத்ததா, குறைந்திருந்தால் காரணம் எழுதியிருக்கிறதா. எல்லையில் உங்கள் புள்ளிகள் இருக்கின்றனவா அல்லது ‘கம்பார்ட்மெண்டின் ஒரு பகுதி’ என்று மட்டும் இருக்கிறதா. கடைசிப் பத்தியில், ‘வனத் துறை அவ்வப்போது விதிக்கும் நிபந்தனைக்கு உட்பட்டு’ என்ற வரி நுழைந்திருக்கிறதா. அந்த வரி இருந்தால் ஆவணத்தை வாங்கிக்கொண்டு, அன்றே சபை கூட்டி, அந்த நிபந்தனைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்மானம் போட்டு, திருத்தம் கேட்டு மாவட்டக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.